எல்லைச் சங்கு

சங்கு அளக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பியர்க்கு எழுதுவது.

திங்கட்கிழமைதோறும் சங்குகளைச் சேர்த்துவைக்கும் நம் கிட்டங்கியில் அளவு தொடங்குமுன் ஒரு காரியம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடலில் மூழ்கிச் சங்கெடுக்கும் குளியாட்களில் ஒருவர் முன்னே வருவார். பெட்டியிலிருந்து ஒரு சிறு சங்கை எடுத்து அளவுப் பலகையின் துளையில் வைப்பார். சங்கு கீழே விழாமல் துளையின் விளிம்பில் தங்கி நிற்பதைக் கூடியிருப்போர் அனைவரும் பார்ப்பர். அதன் பின்னரே கூடைகள் நகரும். உங்களில் ஒருவர் இதனைப் பூசை என்று கருதிச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார் எனக் கேள்விப்பட்டேன். இன்னொருவர், வேலைக்கு வந்து மூன்று மாதமாகியும் மனம் ஒட்டவில்லை, விட்டுப் போய்விடலாமா என்று எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இருவருக்கும் நான் சொல்லக்கூடியது ஒரே செய்திதான். அதை நாணத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அது போர்க்காலம். எனக்கு வயது இருபத்திரண்டு. எங்கள் வீட்டில் விடியலையும் அந்தியையும் கடிகாரம் அறிவித்ததில்லை. என் தந்தையார் ஓதும் திருப்பாடல்களே அறிவித்தன. கார்த்திகைச் சோமவாரத்தில் நூற்றெட்டுச் சங்குகளில் நீர் நிறைத்து ஈசனை ஆட்டுவதைக் கண்டு வளர்ந்தவன் நான். முத்துக்குளித்துறை என்னும் பெயரழகில் மயங்கித் தூத்துக்குடிக்கு வந்தேன். வந்த பிறகுதான் முத்துச் சிப்பி பல ஆண்டுகளாக விளையவில்லை என்பதும், எனக்குக் கிடைத்திருப்பது ஒரு குத்தகைக்காரரின் சங்குக் கிட்டங்கியில் அளவுக்கார வேலை என்பதும் தெரிந்தன. கோயிலில் நான் கண்ட சங்கு வெண்மை. கிட்டங்கியில் நான் கண்ட சங்கு ஊன். தோல் மூடிய, கோழை வடியும், உயிருள்ள ஊன். அதன் நாற்றம் என் வேட்டியிலும் சோற்றிலும் ஏறியது. திருநீற்றைக் குழைத்து நெற்றியில் இடும்போதும் விரலில் அந்த வாடை இருந்தது.

வேலையின் முறை எளிது. காலையில் கரைக்காற்றில் போன தோணிகள் பிற்பகல் கடற்காற்றில் திரும்பும். குளியாட்கள் கூடைகளைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஒவ்வொரு சங்கையும் பலகையின் துளையில் வைத்துப் பார்க்க வேண்டும். விழாமல் நின்றால் வளர்ந்த சங்கு, அது கிட்டங்கிக்கு. துளைவழியே விழுந்தால் குஞ்சு. அது மீண்டும் கடலுக்கு. குஞ்சுக்குக் குளியாளுக்குக் கூலி இல்லை. முன்பு பித்தளை வளையம் ஒன்று இருந்ததாம். நான் சேர்வதற்கு முந்திய வாரத்தில் அது உடைந்துபோயிற்று. போரினால் பித்தளை கிடைக்காமையால் ஆசாரி ஒருவர் மாம்பலகையில் அதே அளவுக்குத் துளையிட்டுக் கொடுத்தார்.

கிட்டங்கிக்குத் தலைவராக இருந்தவரை எல்லாரும் அண்ணாச்சி என்றே அழைத்தார்கள். சாத்தான்குளத்துக்கு அப்பாலுள்ள பனங்காட்டு ஊரிலிருந்து வந்தவர். ஒரு சொல்லுக்கு மேல் மறுசொல் பேசமாட்டார். முதல் நாள் அவர் எனக்கு இரண்டு காரியங்கள் சொன்னார். பலகையைக் கையில் கொடுத்து, "சாயங்காலம் கடல் தண்ணில ஒரு முக்கு முக்கி எடுத்து என்கிட்ட தாரும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். பிறகு ஒரு சிறு சங்கைக் கொடுத்தார். "இது எல்லைச் சங்கு. இந்தத் தொளையில விழாம நிக்கிற சங்குலயே சின்னது இதுதான். ஆசாரி முன்னால வச்சுப் பாத்து எடுத்தது. உம்ம கையிலேயே இருக்கட்டும்."

இரண்டையும் நான் கேட்டேன், இரண்டையும் செய்யவில்லை. கோழை படிந்த பலகையைக் கடல் நீரில் முக்கினால் போதும் என்றவரைப் பற்றி, இவர் சோம்பேறி, சுத்தம் அறியாதவர் என்று மனத்துக்குள் தீர்ப்பெழுதினேன். குளியாட்கள் சென்றபின் கிட்டங்கியின் பின்கட்டில் அமர்ந்து, கடல் மணலும் தேங்காய் நாரும் கொண்டு பலகையைத் தேய்த்துக் கழுவுவேன். கை அருவருப்பை மறக்க வாய் ஒரு பதிகம் பாடும். பதிகத்தில் பாடல் பதினொன்று. பதினோராம் பாடல் முடியுமட்டும் தேய்ப்பது என்று ஒரு நியமம் வைத்துக்கொண்டேன். எல்லைச் சங்கையோ என் அறைக்குக் கொண்டுபோய்க் கொதிநீரில் கழுவி, சந்தனமிட்டு, சுவாமி படத்தின் முன் வைத்துவிட்டேன். சங்கு அல்லவா! பூசைக்கு உரியது என்று எனக்குத் தோன்றியது.

தை மாதம் பிறந்தபோது கழிக்கப்படும் குஞ்சுகள் மிகுந்தன. முன்பு அரைக்கூடை இருந்த இடத்தில் ஒன்று, பிறகு ஒன்றரை. குளியாட்களுள் மூத்தவர் மிக்கேல். கடலுக்கடியில் மூச்சடக்கி மூச்சடக்கிக் கண் சிவந்தவர். அவர் என் கையைப் பார்க்கத் தொடங்கினார். சங்கைப் பார்ப்பதில்லை, கையை.

"சைவப் பிள்ளைவாள் கையில என்ன மந்திரம் வச்சிருக்காரோ, எங்க சங்கெல்லாம் அவரைக் கண்டா சுருங்குது" என்பார்.

"பொண்டாட்டியக் கண்டா நீரு சுருங்கலையா? அதுமாதிரிதான்" என்பார் பக்கத்தில் நிற்பவர். எல்லாரும் சிரிப்பார்கள். மிக்கேல் சிரிக்கமாட்டார்.

நான் அவர்கள்மீது ஐயம் கொண்டேன். குஞ்சுச் சங்குகளை வேண்டுமென்றே அள்ளிவந்து என்னை மிரட்டிக் கூலிக் கணக்கை நிறைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். சில நாள் கழித்து என் ஐயம் இடம் மாறியது. பலகையை மாலையில் என்னிடமிருந்து வாங்கிப் பெட்டியில் பூட்டுபவர் அண்ணாச்சி. சாவி அவர் இடுப்பில். கழித்த குஞ்சுகளைக் கடலில் கொண்டுபோய் விடும் தோணி அவருடைய மைத்துனருடையது. விடுகிறார்களா, வேறெங்கேனும் விற்கிறார்களா? யார் கண்டார்? இந்த மூன்றையும் சேர்த்து வைத்தபோது என் உள்ளத்தில் ஒரு வழக்கே எழுந்துவிட்டது. அதன்பின் அவர் செய்த எல்லாம் அதற்குச் சான்றாயின. பேசாதிருந்தால் கள்ள மௌனம். வெற்றிலை நீட்டினால் என் வாயை அடைக்கும் உபாயம். ஒருநாள் எனக்குக் காய்ச்சல் என்றபோது சுக்கு வாங்கி அனுப்பினார். அதைக் குடிக்காமல் கொட்டினேன்.

ஐயம் ஒருவகை அடியாள். எந்தத் திசையில் அனுப்பினாலும் வெறுங்கையோடு திரும்பி வராது. இதனை நான் பின்னால்தான் அறிந்தேன்.

இந்த வேளையில் என் தாய்மாமனிடமிருந்து கடிதம் வந்தது. சாத்தான்குளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள். பிள்ளைகளுக்குத் தோத்திரப் பாடல்களும் கற்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் எழுது என்றிருந்தது. படித்தபோது, இறைவனே இந்த நாற்றத்திலிருந்து என்னைக் கைதூக்குகிறான் என்று கண்ணீர் வந்தது. அன்றே சம்மதக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்தேன். புதன்கிழமை மாலை, எல்லைச் சங்கை அண்ணாச்சியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு விடைபெறுவது என்று அதைப் படத்தின் முன்னிருந்து எடுத்துவந்தேன்.

அண்ணாச்சி வெளியே போயிருந்தார். பலகை மேசைமேல் கிடந்தது. ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. சங்கைத் துளையில் வைத்தேன். அது நிற்கவில்லை. விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது.

அந்த ஓசையில் எனக்கு உண்டானது அச்சம் அன்று, மகிழ்ச்சி. தம்பியர் இதனைக் கவனிக்க வேண்டும். நான் சந்தேகித்தது மெய்யாயிற்று என்ற மகிழ்ச்சி. துளை பெருத்திருக்கிறது, சாவி வைத்திருப்பவர் ஒருவரே, அரத்தால் அராவியவர் அவரேதான். சங்கையும் பலகையையும் எடுத்துக்கொண்டு நேரே குத்தகைக்கார முதலாளியின் வீட்டுக்குப் போனேன். சங்கைக் காட்டினேன், பலகையைக் காட்டினேன், சாவியையும் மைத்துனரின் தோணியையும் சொன்னேன். முதலாளி சங்கை வாங்கித் தாமே துளையில் வைத்துப் பார்த்தார். பிறகு, "இத்தனை வருசமா அவரை நம்பியிருக்கேன். நாளைக்குத் தோணி வந்ததும் எல்லாரையும் வச்சே கேட்டிருவோம். மெய்யா இருந்தா நாளையோட அவருக்கு இங்கன வேலை இல்லை" என்றார்.

வியாழக்கிழமை பிற்பகல் கிட்டங்கி முற்றத்தில் குளியாட்கள் ஈரத் துணியோடு நின்றார்கள். முதலாளி சங்கைத் துளையில் போட்டுக் காட்டினார். கூட்டத்தில் ஓர் உறுமல் எழுந்தது. மிக்கேல் அண்ணாச்சியைப் பார்த்து, "எங்க மூச்சுவே அது. ஒவ்வொண்ணும் ஒரு மூச்சு" என்றார். கத்தவில்லை. அதனாலேயே முற்றம் முழுதும் அடங்கிற்று.

"அண்ணாச்சி, என்ன சொல்லுதீரு?" என்றார் முதலாளி.

அண்ணாச்சி, "தொளை பெருத்திருக்கு. நான் பெருக்கல" என்றார். அவ்வளவுதான்.

"பின்ன, கடல்ல கெடந்த சங்கு வந்து பெருக்கிச்சோ?" என்றார் ஒருவர்.

முதலாளி பலகை செய்த ஆசாரியை வரச் சொல்லியிருந்தார். அவர் பலகையை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். துளையின் உட்பக்கத்தில் சுண்டுவிரலைச் சுற்றி ஓட்டினார். பிறகு தம் நாக்கில் விரலை வைத்து நனைத்து மறுபடியும் ஓட்டினார்.

"இதுல அரம் படல முதலாளி. அரம் பட்டா பல்லு தெரியும். உளி பட்டா செதில் தெரியும். இது வழவழன்னு இருக்கு, கன்னம் மாதிரி. மணல் போட்டுத் தேச்சிருக்கு. ஒருநா ரெண்டு நாள்ல இல்ல, தினசரி. மாம்பலகை வே இது, ஈரத்துல பஞ்சு மாதிரி ஊறிக் கெடக்கும். மணலைப் போட்டா தின்னுக்கிட்டே இருக்கும்." நிமிர்ந்து முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். "இதை யாரு கழுவுதது?"

தம்பியரே, அந்தக் கேள்விக்கும் விடைக்கும் இடையே எவ்வளவு நேரம் கடந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு பாடலின் பாதி அளவு இருக்கலாம். அந்த நேரத்தைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதத் தொடங்கினேன்.

குளியாட்கள் போனபின்பே நான் கழுவுவேன் என்பதால் அவர்களுக்குத் தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. அறிந்தவர் அண்ணாச்சி ஒருவர்தான். எல்லாக் கண்களும் அவர்மேல் இருந்தன. பலகையைப் பூட்டுபவர் அவரல்லவா? அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. உடனே என் உள்ளம் பழைய தொழிலைத் தொடங்கிற்று: ஏன் சொல்லாமல் இருக்கிறார்? இது என்ன சூழ்ச்சி? நானே வாய்திறந்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்று காத்திருக்கிறாரா? அல்லது பிறகு எதற்கோ என்னைக் கடன்படுத்தப் பார்க்கிறாரா? பேசாதே, என்றது மனம். சட்டைப் பையில் சாத்தான்குளம் இருக்கிறது. இன்று வாய்மூடி நின்றால் நாளை நீ வாத்தியார். பிள்ளைகள் உன் முன் அமர்ந்து, நீ பாடும் பாடலைத் திருப்பிப் பாடும்.

அங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன். எந்தப் பாடலை? மூன்று மாதம் நான் பதினோரு பாடல்கள் பாடிப் பாடித் தேய்த்துத் தீர்த்த பதிகத்தையா? அதில் ஒவ்வொரு பாட்டும், உள்ளத்து அழுக்கை நீயே கழுவு ஐயனே என்றுதான் முடியும். நான் பலகையைக் கழுவினேன்.

"நான்தான் கழுவினேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "தினமும். மணலும் நாரும் போட்டு. அண்ணாச்சி கடல் நீரில் முக்கினால் போதும் என்றார். நான் கேட்கவில்லை."

மிக்கேல் என் அருகே வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தாலும் தகும்.

"எம்புட்டு நேரம் தேய்ப்பீரு?"

"ஒரு பதிகம் பாடி முடியும்வரை."

"அதுல பாட்டு எத்தனை?"

"பதினொன்று."

அவர் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். "கேட்டீகளாலே? நாம அங்கன அடியில மூச்சை அடக்கிக்கிட்டு ஒண்ணொண்ணாப் பொறுக்குதோம். இவரு இங்கன மூச்சைவிட்டுப் பாடியே நம்மகிட்டருந்து எடுத்திருக்காரு. மாதாவே, ரெண்டு பாட்டோட நிறுத்தியிருக்கப்பிடாதா?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு பலர். அந்தச் சிரிப்பு என்னை மன்னித்த சிரிப்பு அன்று. ஆயினும் முற்றத்தில் யாரோ ஒரு கதவைத் திறந்ததுபோல் இருந்தது.

முதலாளி சிரிக்கவில்லை. குளியாட்களை நோக்கி, "நட்டம் உங்களுது. இவரை என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க. இப்பவே அனுப்பிருதேன்" என்றார். உள்ளபடியே அனுப்பும் எண்ணத்தில்தான் இருந்தார். என்னைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டே பேசினார். என் வேண்டுதலும் அதுவாகவே இருந்திருக்க வேண்டும். கடிதம் பையில் இருந்ததே! ஆனால் அந்தக் கணத்தில் வாசல் எனக்கு விடுதலையாகத் தோன்றவில்லை. இங்கிருந்து துரத்தப்பட்டவனாகப் பள்ளிக்கூடம் புகுந்தால், அங்கும் என் கையில் மணல் இருக்கும். எந்தப் பிள்ளையை எதைக் கொண்டு தேய்ப்பேனோ என்று அஞ்சினேன்.

மிக்கேல், "கழிச்ச குஞ்செல்லாம் எங்க போட்டிய?" என்று அண்ணாச்சியைக் கேட்டார்.

"தீவுக்குத் தெக்க, மணல் திட்டுல. வழக்கமா விடுத எடத்துலதான்."

"யாரும் போய்ப் பாக்கலாமா?"

"நாளைக்கே போய்ப் பாரும்."

"பாக்கத்தான் போறேன். வாய்ச்சொல்லை எடுத்துக்கிட்டுப் போறவன் இல்ல நான். கெடந்தா அங்கனதான் கெடக்கும். இன்னும் பெருத்துக்கிட்டு இருக்கும். எங்களுதை நாங்களே எடுத்துக்கிடுதோம்." பிறகு முதலாளியிடம் சொன்னார்: "இவரு இருக்கட்டும் முதலாளி."

"ஏன்வே?"

"இவரு இனிமேப்பட்டு பலகையைத் தேய்க்கமாட்டாரு. புதுசா ஒருத்தன் வந்தா அவன் எதைத் தேய்ப்பானோ, நமக்கு என்ன தெரியும்? அதைக் கண்டுபிடிக்க இன்னும் மூணு மாசம் மூச்சடக்கணும்." பிறகு, "அந்தச் சங்கை மட்டும் இவரு வீட்டுக்குக் கொண்டுபோகப்பிடாது. திங்கக்கெழமைக்குத் திங்கக்கெழமை அதை நாங்க போட்டுப் பாப்போம். நாங்கதான் போடுவோம், இவரு இல்ல" என்றார்.

இந்த வழக்கம் பிறந்த வரலாறு இதுதான். மறுநாள் அவர் சொன்னபடியே போய்ப் பார்த்தார். சங்குகள் திட்டில் கிடந்தன. திரும்பி வந்து அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தோணியிலிருந்து இறங்கும்போது தம் தலைப்பாகைத் துணியை உதறி, "கெடக்குது" என்று மட்டும் சொல்லிப் போனார்.

அன்று வெள்ளிக்கிழமை. சாத்தான்குளத்துக் கடிதம் என் பையில் மடிந்து ஈரமாகிக் கிடந்தது. அஞ்சலில் சேர்க்க இன்னும் நேரம் இருந்தது. சேர்க்கவில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். நாற்றம் அப்படியே இருந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் இருந்தது. ஆனால் நான் வெறுத்தது வேலையையா, அதில் நானே கற்பித்துக்கொண்ட கள்வர்களையா என்பது எனக்கு அன்றுவரை தெரியவில்லை. தெரியாமல் விட்டுச்செல்வது விடுதலை ஆகாது என்று பட்டது. ஒரு பருவம் இருந்து பார்ப்பது, அதன்பின் பிடிக்கவில்லை எனில் போவது என்று தீர்மானித்தேன். பல பருவங்கள் கழிந்தன.

அந்த வெள்ளிக்கிழமை மாலையே அண்ணாச்சியிடம் நான் கேட்டேன். அவர் காலில் விழுந்து எழுந்தபின் கேட்டேன்.

"நான்தான் கழுவுவேன் என்று தெரிந்தும் நேற்று ஏன் சொல்லவில்லை?"

"நான் சொன்னா யாரு நம்புவா? குத்தம் சொன்னவன் தலையிலயே குத்தத்தைத் தூக்கி வைக்கான்னு சொல்லுவாவ."

"அதற்கு முன்பு? பின்கட்டில் நான் மணல் போட்டுத் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களே, அப்போது தெரியாதா, துளை பெருக்கும் என்று?"

அவர் பலகையைத் துணியில் சுற்றினார். பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "பாட்டு நல்லா இருந்துச்சுவே. கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

இத்தனை ஆண்டுகளாக அந்த விடையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். பாட்டில் மயங்கி மெய்யாகவே கவனிக்காமல் இருந்தாரா? அல்லது எல்லைச் சங்கை முதல் நாளே என் கையில் கொடுத்தவர், நான் எப்போது அதை எடுத்துத் துளையில் வைக்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தாரா? அப்படியாயின், அவர் காத்திருந்த நாள்களில் கடலுக்குத் திரும்பிய ஒவ்வொரு சங்கும் மிக்கேலின் ஒரு மூச்சு. இதை நினைக்கும்போது அவர்மேல் எனக்கு இன்னும் ஐயம் வருகிறது. அவர் சிவபதம் சேர்ந்து நெடுங்காலம் ஆகிறது. அவருக்காக விளக்கேற்றும்போதும் வருகிறது. ஏற்றிவிட்டு, என் கையை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

விட்டுப் போகலாமா என்று எழுதிய தம்பிக்கு: போகலாம். போகத் தடையில்லை. போகுமுன், வேலைக்கு வந்த முதல் நாளில் உமக்கு யாரேனும் ஓர் எல்லைச் சங்கு, ஒரு சொல்லாகவேனும், கொடுத்திருப்பார். அது எங்கே இருக்கிறது என்று பாரும். சந்தனம் காய்ந்திருந்தால் கழுவிவிட்டு, ஒருமுறை துளையில் வைத்துப் பாரும். உமக்கு வேண்டாதவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாரும்.

செருப்பைக் கழற்றி நின்ற தம்பிக்கு: காலில் மாட்டிக்கொள்ளும். அது பூசை அன்று. மிக்கேலின் பேரன் திங்கட்கிழமைதோறும் அந்தச் சங்கை எடுத்து வைக்கும்போது, அவர்கள் குடும்பம் என்மேல் கொண்ட சந்தேகம் இன்னும் தீரவில்லை என்பதைத்தான் நீர் பார்க்கிறீர். நான் அங்கே இருந்த கடைசித் திங்கட்கிழமையிலும் அவன் என்னைத் தொடவிடவில்லை.